பால், தயிர் சேர்க்காத கோழிக் குழம்பு: வைக்கோல் பெட்டியில் வேகவைக்கும் முறை

புறக்கடையில் பத்துக் கோழிகள் வளர்க்கும் குடும்பத்தில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பெட்டைகளாவது முட்டையை நிறுத்திவிடும். வியாபாரி அவற்றுக்குக் கொடுக்கும் விலை குறைவு. வீட்டில் சமைக்கலாம் என்றால், கறி எளிதில் வேகாது. விறகடுப்பில் இரண்டு மூன்று மணி நேரம் எரிக்க வேண்டும். யாராவது ஒருவர் அடுப்படியிலேயே இருக்க வேண்டும். நடவு, களையெடுப்பு, அறுவடைக் காலங்களில் இது இயலாத காரியம். ஆகவே முட்டையிடாத கோழி மேலும் பல மாதங்கள் தீவனத்தைத் தின்றுகொண்டு நிற்கிறது.

முதிர்ந்த கோழியைக் குறைந்த விறகில், ஆள் அருகில் இல்லாமலேயே மிருதுவாக வேகவைக்க எளிய வழி உண்டு. அதுவே வைக்கோல் பெட்டிச் சமையல். இம்முறையில் பாலும் தயிரும் சேர்க்காமல் குழம்பு செய்யும் விதத்தை இக்கட்டுரையில் காண்போம். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் உள்ள குடும்பங்களுக்கும் இது ஏற்றது.

எந்தக் கோழியைக் கழிப்பது?

முட்டையிடும் பருவத்திலுள்ள கலப்பினக் கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் உண்ணும். கணக்கிட்டால் ஆண்டுக்கு 40 கிலோ ஆகிறது. மேய்ச்சலில் வளரும் நாட்டுக்கோழிக்கு நாம் இடும் தீவனம் இதைவிடக் குறைவு. எனினும் பயன் தராத கோழிக்கு இடும் தானியம் வீண் செலவே.

கழிப்பதற்கு முன் கீழ்க்கண்டவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. முட்டையிடும் கோழியின் கொண்டை சிவந்து, பெருத்து, மென்மையாக இருக்கும். முட்டையிடாத கோழியின் கொண்டை சுருங்கி, வெளிறி, செதிலோடியிருக்கும்.

2. எச்சத் துவாரத்தின் இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகளுக்கிடையே விரல்களை வைத்துப் பார்க்கவும். இரண்டு மூன்று விரல்கள் நுழைந்தால் அது முட்டையிடும் கோழி. ஒரு விரலே நுழைந்தால் முட்டையிடவில்லை என்று கொள்ளலாம்.

3. இறகு உதிர்க்கும் கோழியும் அடைக் கோழியும் சில வாரங்கள் முட்டையை நிறுத்தும். பின்னர் மீண்டும் இடும். இவற்றை அவசரப்பட்டுக் கழித்துவிடக் கூடாது.

4. நோயுற்ற கோழியையும், தானாக இறந்த கோழியையும் உண்ணக் கூடாது. மருந்து கொடுத்த கோழியானால், மருத்துவர் கூறும் நாட்கள் கழிந்த பிறகே அறுக்க வேண்டும்.

நாமக்கல் வட்டாரத்து முட்டைப் பண்ணைகளில் கழிக்கப்படும் கோழிகளும் சந்தைகளில் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றுக்கும் இம்முறை பொருந்தும். ஆறு வாரத்தில் வளர்ந்துவிடும் பிராய்லர் கோழிக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. அதன் கறி குழைந்து எலும்பிலிருந்து கழன்றுவிடும்.

முதிர்ந்த கறி வேகாததற்குக் காரணம் என்ன?

தசை நார்களைப் பிணைத்து நிற்கும் சவ்வில் கொலாஜன் என்னும் புரதம் உள்ளது. கோழிக்கு வயது ஏற ஏற இப்புரதத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்துகொள்கின்றன. ஓடித் திரியும் கோழியின் கால், தொடைப் பகுதிகளில் இது மிகுதி. ஈரமான சூட்டில் நெடுநேரம் இருந்தால் கொலாஜன் கரைந்து ஜெலாட்டின் என்ற வழவழப்பான பொருளாக மாறுகிறது. கறி மிருதுவாவதும் குழம்பு கெட்டிப்படுவதும் இதனால்தான்.

இம்மாற்றத்திற்குத் தளதளவென்ற கொதிப்பு தேவையில்லை. 70 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு சில மணி நேரம் நிலைத்திருந்தால் போதும். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. கொதி வந்த பிறகு நாம் எரிக்கும் விறகில் பெரும்பகுதி, பாத்திரத்தின் பக்கவாட்டில் வெளியேறும் சூட்டையும் ஆவியாகும் நீரையும் ஈடுகட்டவே செலவாகிறது. அந்தச் சூடு வெளியேறாமல் தடுத்துவிட்டால் நெருப்பில்லாமலேயே கறி வேகும்.

இந்த அறிவு நமக்குப் புதிதன்று. நம் வீடுகளில் பெரிய அடுப்பின் பக்கத்திலே கொடியடுப்பு அமைத்து, அதன் இளஞ்சூட்டில் குழம்பையும் ரசத்தையும் வைத்திருந்தார்கள். உமி அடுப்பிலும் வரட்டித் தணலிலும் பாலைக் காய்ச்சினார்கள். மேல்நாட்டிலும் 1867-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் நார்வே நாட்டு வெப்பக்காப்புச் சமையற் பெட்டி காட்சிக்கு வைக்கப்பட்டது. இரு உலகப் போர்களின் போதும் எரிபொருள் பற்றாக்குறையால் ஐரோப்பியக் குடும்பங்கள் வைக்கோல் பெட்டியைப் பயன்படுத்தின. 1971-ல் அமெரிக்காவில் கிராக்-பாட் என்ற பெயரில் விற்பனைக்கு வந்த மின்சார மெதுசமையல் கலமும் இதே கருத்தில் அமைந்ததே. அது மின்சாரத்தால் சூட்டைத் தொடர்ந்து கொடுக்கிறது. வைக்கோல் பெட்டி உள்ள சூட்டைக் காக்கிறது. வேறுபாடு இவ்வளவே.

பெட்டி தயாரித்தல்

தேவையானவை: மூங்கில் கூடை அல்லது மரப்பெட்டி ஒன்று, நன்கு காய்ந்த வைக்கோல், கோணிச் சாக்கு, பழைய பருத்திப் புடவை.

பாத்திரத்தை உள்ளே வைத்தால் நாற்புறமும் அடியிலும் 10 செ.மீ. இடைவெளி இருக்கும் அளவுக்குக் கூடை பெரிதாக இருக்க வேண்டும். கூடையின் உட்புறம் சாக்கைப் பரப்பி, அடியில் 10 செ.மீ. கனத்துக்கு வைக்கோலைத் திணிக்கவும். அதன்மேல் பாத்திரத்தை வைத்து, சுற்றிலும் வைக்கோலை அடைக்கவும். பின்னர் பாத்திரத்தை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் புடவைத் துணியை விரித்துத் தைத்துவிட்டால் பாத்திரத்திற்கு அளவான கூடு அமைந்துவிடும். மேலே மூடுவதற்கு ஒரு துணிப்பையில் வைக்கோலோ இலவம் பஞ்சோ நிரப்பி, 10 செ.மீ. கனத்தில் மெத்தை தைத்துக்கொள்ளவும்.

சூட்டைக் காப்பது வைக்கோல் தண்டுகளுக்குள்ளும் அவற்றின் இடையிலும் அடைபட்டு நிற்கும் காற்றே. ஈர வைக்கோலில் இந்தப் பயன் கிட்டாது, பூசணமும் பிடிக்கும். ஒவ்வொரு முறை பயன்படுத்திய பின்னும் துணியையும் வைக்கோலையும் வெயிலில் காயவைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, அறுவடைக்குப் பின், புது வைக்கோல் மாற்றுவது நல்லது.

பாத்திரம் எவர்சில்வராக இருப்பது மேல். தக்காளி, புளி சேரும் குழம்பை அலுமினியப் பாத்திரத்தில் மணிக்கணக்கில் வைப்பது நல்லதன்று. மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். பாத்திரம் முக்கால் பங்குக்கு மேல் நிறைந்திருக்க வேண்டும்; கொஞ்சமாக வைத்தால் விரைவில் ஆறிவிடும். மொத்தக் கொள்ளளவு மூன்று லிட்டருக்குக் குறையாமல் இருப்பது நலம்.

முதலில் தண்ணீரால் சோதிக்கவும்

புதுப் பெட்டியில் உடனே கறியை வைக்கக் கூடாது. குழம்பு வைக்கும் அதே பாத்திரத்தில் தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, மூடி, பெட்டியில் வைத்து ஐந்து மணி நேரம் திறக்காமல் விடவும். பின்னர் வெப்பமானியால் அளக்கவும். 70 டிகிரி அல்லது அதற்கு மேல் இருந்தால் பெட்டி தகுதியானது. குறைந்திருந்தால் வைக்கோலை இன்னும் கெட்டியாகத் திணித்து, மேல் மெத்தையைக் கனமாக்கி, மீண்டும் சோதிக்க வேண்டும். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. 100 டிகிரிக்கு மேல் அளக்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்வது அவசியம்.

பாலும் தயிரும் ஏன் வேண்டாம்?

நம் நாட்டில் வளர்ந்தவர்களில் பலருக்குப் பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரை முழுமையாகச் செரிப்பதில்லை. வயிறு உப்புதல், இரைச்சல், பேதி ஆகியவை உண்டாகும். தயிரில் லாக்டோஸ் சற்றுக் குறைவு. ஆகவே சிலருக்குத் தயிர் ஒத்துக்கொள்ளும்.

பால் ஒவ்வாமை என்பது வேறு. இது பாலிலுள்ள புரதத்தால் வருவது. குழந்தைகளிடம் மிகுதியாகக் காணப்படுகிறது. தோல் தடிப்பு, வாந்தி, மூச்சுத் திணறல்கூட ஏற்படலாம். இத்தகையவர்களுக்குத் தயிர், வெண்ணெய், நெய் எதுவும் சேர்க்கக் கூடாது. தாளிப்பில் விடும் ஒரு கரண்டி நெய்யையும் தவிர்க்க வேண்டும்.

தயிரை நீக்கினால் குழம்பின் ருசி குறையுமோ என்று ஐயுறத் தேவையில்லை. தயிர் குழம்பில் மூன்று வேலைகளைச் செய்கிறது: புளிப்புத் தருகிறது, கெட்டிப்படுத்துகிறது, கொழுப்பால் சுவையூட்டுகிறது. புளிப்புக்குத் தக்காளியும், கெட்டிப்படப் பொட்டுக்கடலையும், கொழுப்புக்குத் தேங்காய்ப் பாலும் சேர்த்தால் மூன்றும் ஈடாகிவிடும். அன்றியும், நெடுநேரச் சூட்டில் தயிர் திரிந்து நீர் வேறு, கட்டி வேறாகப் பிரியும். மெதுசமையலுக்குத் தயிர் இல்லாத குழம்பே பொருத்தம்.

தேவையான பொருட்கள் (எட்டுப் பேருக்கு)

கோழிக்கறி, எலும்புடன் – 1½ கிலோ
சின்ன வெங்காயம் – 300 கிராம்
தக்காளி – 3
பூண்டு – 15 பல்
இஞ்சி – 5 செ.மீ. துண்டு
மல்லி விதை – 4 மேசைக்கரண்டி
காய்ந்த மிளகாய் – 10
மிளகு – 2 தேக்கரண்டி
சீரகம் – 2 தேக்கரண்டி
சோம்பு – 1 தேக்கரண்டி
பட்டை – 2 சிறு துண்டு
கிராம்பு – 4
மஞ்சள் தூள் – 1 தேக்கரண்டி
பொட்டுக்கடலை – 2 மேசைக்கரண்டி
தேங்காய் – 1
நல்லெண்ணெய் அல்லது கடலை எண்ணெய் – 5 மேசைக்கரண்டி
கறிவேப்பிலை, கொத்தமல்லித் தழை, உப்பு – தேவையான அளவு
வெந்நீர் – 1¼ லிட்டர்

குடும்பம் சிறியதாயின் கறி ஒரு கிலோவாகக் குறையலாம். அப்போது உருளைக்கிழங்கை முழுதாகத் தோலுரித்துச் சேர்த்துப் பாத்திரத்தை நிறைத்துக்கொள்ளவும்.

செய்முறை

1. கோழியின் இறகை நீக்கி, மஞ்சள் பூசி, தீயில் லேசாக வாட்டிக் கழுவவும். குடல், பித்தப்பை ஆகியவற்றைக் கவனமாக நீக்கவும். எல்லாத் துண்டுகளும் ஏறக்குறைய ஒரே அளவாக, 4 அல்லது 5 செ.மீ. அளவில் இருக்கட்டும். அறுத்த கோழியின் தசை சிறிது நேரத்தில் விறைத்துப் பின்னர் தளரும். குளிர்பெட்டி உள்ளவர்கள் கறியை ஆறு முதல் எட்டு மணி நேரம் அதில் வைத்துச் சமைத்தால் மேலும் மிருதுவாகும். குளிர்பெட்டி இல்லாதவர்கள் வெளியே காத்து வைக்கக் கூடாது. உடனே சமைக்க வேண்டும்.

2. மல்லி, மிளகாய், மிளகு, சீரகம், சோம்பு, பட்டை, கிராம்பு இவற்றை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, தண்ணீர் தெளித்து மையாக அரைக்கவும். இஞ்சி, பூண்டைத் தனியே அரைக்கவும்.

3. எண்ணெயைக் காயவைத்து, கறிவேப்பிலை, வெங்காயம் போட்டுப் பொன்னிறமாக வதக்கவும். பெட்டிக்குள் எதுவும் வறுபடாது. ஆகவே நிறமும் மணமும் இந்தக் கட்டத்திலேயே ஏறிவிட வேண்டும். இஞ்சி பூண்டு விழுதைச் சேர்த்துப் பச்சை வாசனை போக வதக்கி, தக்காளியைப் போட்டுக் கரையவிடவும்.

4. கறியையும் மஞ்சள் தூளையும் போட்டு, கறியின் நிறம் மாறி நீர் விட்டு வற்றும்வரை கிளறவும். மசாலை விழுதையும் உப்பையும் சேர்த்து ஐந்து நிமிடம் பிரட்டவும்.

5. வெந்நீரை ஊற்றவும். பெட்டியில் நீர் ஆவியாவதில்லை. ஆகவே வழக்கமாக ஊற்றுவதைவிடக் குறைவாக, கறி மூழ்கும் அளவே போதும். மூடி, 30 நிமிடம் விடாமல் கொதிக்கவிடவும். கறித்துண்டின் நடுப்பகுதிவரை கொதிசூடு ஏற இந்த நேரம் இன்றியமையாதது. இதைக் குறைக்கக் கூடாது.

6. கொதிக்கும்போதே, மூடியைத் திறக்காமல் இறக்கி, உடனே பெட்டியில் வைத்து மெத்தையால் மூடவும். பாத்திரத்தின் அடியில் தணலோ தீப்பொறியோ ஒட்டியிருந்தால் வைக்கோல் பற்றிக்கொள்ளும். ஆகவே ஈரச் சாக்கின் மீது ஒருமுறை வைத்தெடுத்த பின்னரே பெட்டியில் வைக்க வேண்டும். பெட்டியை அடுப்பருகில் வைக்கவும் கூடாது.

7. நான்கு முதல் ஐந்து மணி நேரம் திறக்காமல் விடவும். காலை ஏழு மணிக்கு வைத்துவிட்டு வயலுக்குச் சென்றால், நண்பகலில் திரும்பும்போது கறி வெந்திருக்கும்.

8. பாத்திரத்தைத் திறந்தவுடன் வெப்பமானியால் சூட்டைப் பார்க்கவும். பின்னர் அடுப்பில் ஏற்றி, பொட்டுக்கடலையை அரைத்துக் கரைத்து ஊற்றி, பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிடவும். கறி இன்னும் சற்று அழுத்தமாக இருந்தால் இப்போது கூடுதலாகச் சிறிது நேரம் வேகவைக்கலாம்.

9. தேங்காயைத் துருவி, கெட்டியான முதல் பாலை ஒரு டம்ளர் அளவு எடுத்துக் கடைசியில் ஊற்றவும். தீயைக் குறைத்து, ஓரங்களில் கொதி கூடியதும் இறக்கிவிடவும். தேங்காய்ப் பாலை நெடுநேரம் கொதிக்கவிட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். கொத்தமல்லித் தழை தூவிப் பரிமாறவும்.

கெட்டுப்போகாமல் காக்கும் விதிகள்

இறைச்சியை மெதுவாகச் சமைக்கும்போது செய்யும் கவனக்குறைவு குடும்பம் முழுவதையும் நோயில் தள்ளக்கூடும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட சூட்டில்தான் நோய்க் கிருமிகள் பெருகுகின்றன. சில கிருமிகளின் வித்துகள் கொதிக்கும் நீரிலும் சாவதில்லை. பாத்திரம் வெதுவெதுப்பாக ஆறியதும் அவை முளைத்துப் பல்கிப் பெருகும். சில கிருமிகள் உண்டாக்கும் நஞ்சு, மறுபடி கொதிக்கவைத்தாலும் அழியாது. ஆகவே, "சூடு பண்ணினால் சரியாகிவிடும்" என்று எண்ணுவது தவறு.

1. ஐந்து மணி நேரத்துக்கு மேல் பெட்டியில் வைக்க வேண்டாம். இரவில் வைத்துக் காலையில் எடுக்கும் பழக்கம் கறிக்கு அறவே கூடாது.

2. இடையில் ருசி பார்க்கவோ, வெந்ததா என்று பார்க்கவோ திறக்கக் கூடாது. திறக்க நேர்ந்தால் மறுபடியும் கொதிக்கவைத்தே பெட்டியில் வைக்க வேண்டும்.

3. திறக்கும்போது சூடு 60 டிகிரிக்குக் கீழே இருந்தால் அந்தக் குழம்பை உண்ணக் கூடாது. இரண்டு கோழிகள் போயினவே என்று மனம் வருந்தும். ஆனால் குழந்தைகளும் முதியவர்களும் உண்ணும் உணவில் இதற்கு விதிவிலக்கு இல்லை.

4. மிஞ்சிய குழம்பைப் பெட்டியில் வைக்கக் கூடாது. அகன்ற பாத்திரத்தில் ஊற்றி ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைக்கவும். குளிர்பெட்டி இல்லையேல் அந்த வேளைக்குத் தேவையான அளவே பரிமாறி, மீதியை உடனே அக்கம்பக்கத்தாருடன் பகிர்ந்துகொள்வது நல்லது.

5. பச்சைக் கறி வெட்டிய கத்தி, பலகை, கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்னரே மற்றப் பொருட்களைத் தொட வேண்டும்.

மின்சார மெதுசமையல் கலம் உள்ளவர்களுக்கு

இக்கலம் உள்ள வீடுகளில் மேற்கூறிய முதல் நான்கு படிகளையும் அடுப்பில் செய்து, கறியைச் சூட்டுடன் கலத்துக்கு மாற்றி, வெந்நீர் ஊற்ற வேண்டும். நீர் ஒரு லிட்டர் போதும். முதிர்ந்த கோழிக்கு அதிகச் சூட்டில் நான்கு முதல் ஐந்து மணி நேரமும், குறைந்த சூட்டில் எட்டு மணி நேரமும் ஆகும். உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. 200 வாட் கலம் எட்டு மணி நேரம் ஓடினால் 1.6 யூனிட் மின்சாரம் செலவாகும். ஆள் இல்லாத நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டு, எவ்வளவு நேரம் நின்றது என்று தெரியாவிட்டால் அந்தக் குழம்பை உண்ணக் கூடாது. மின்தடை மிகுந்த ஊர்களில் வைக்கோல் பெட்டியே நம்பகமானது.

பிரஷர் குக்கர் வைத்திருப்பவர்கள் அதைக் கைவிட வேண்டியதில்லை. அதில் கறி விரைவில் வெந்துவிடும், எரிபொருளும் குறைவே. ஆனால் விசில் எண்ணுவதற்கு ஆள் அருகில் இருக்க வேண்டும். வீட்டில் அனைவரும் வயலுக்குச் செல்லும் நாட்களில் வைக்கோல் பெட்டி கைகொடுக்கும்.

பெட்டிக்கான பொருட்கள் யாவும் நம் களத்திலும் வீட்டிலும் உள்ளவையே. வெப்பமானி ஒன்றுதான் வாங்க வேண்டியது. முதலில் தண்ணீரால் சோதித்து, பிறகு அரிசி, பருப்பு போன்றவற்றைச் சமைத்துப் பழகி, அதன் பின் கறிக்கு வரவும். முப்பது நிமிடக் கொதி, ஐந்து மணி நேர எல்லை, மறுகொதி என்ற மூன்றையும் தவறாது கடைப்பிடித்தால், பயனற்றதென்று நின்ற கோழி பால் ஒத்துக்கொள்ளாதவரும் உண்ணும் சத்தான உணவாகும். விறகும் நேரமும் மிச்சமாகும்.